கடலிலிருந்து வந்த கோடுகள்



மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஷெர்புரூக் தெருவும் மேடிசன் அவென்யூவும் சந்திக்கும் முனையில், ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு பெண் நிற்கிறாள். இந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்த அருள் அன்னை. 'ஏ-ஷாப்' ஓவியர்கள் 2011-ல் ஸ்பிரே வண்ணத்தால் தீட்டிய சுவரோவியம். வரைந்தவர்கள் இவ்வூர்க்காரர்கள், பாணியோ செக் ஓவியர் அல்போன்ஸ் மூக்காவுடையது. 1895 புத்தாண்டன்று பாரிஸ் சுவர்களில் ஒட்டப்பட்ட ஒரு நாடகச் சுவரொட்டியால் புகழ்பெற்றவர் அவர்.

அதே மூக்காவை 1960-களில் சான் பிரான்சிஸ்கோ இளைஞர்களும் கண்டெடுத்தார்கள். சிகரெட் தாள் விளம்பரத்துக்கு அவர் வரைந்த பெண்ணை, ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் 1966-ல் ஓர் இசை நிகழ்ச்சியின் சுவரொட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சைகடெலிக் சுவரொட்டிக் கலை சூடு பிடித்த ஆண்டு அது.

அந்தச் சுவரொட்டி ஓவியர்கள் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரிக் கிரிஃபின். அவர் கடலிலிருந்து வந்தவர். 1944-ல் தென் கலிஃபோர்னியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அலைச்சறுக்கில் இறங்கியவர். 'சர்ஃபர்' பத்திரிகையில் 1961-ல் மர்ஃபி என்ற சித்திரப் பையனைப் படைத்தபோது அவர் பதின்வயதில்தான் இருந்தார். கடற்கரைப் பிள்ளைகள் மர்ஃபியிடம் தங்களையே பார்த்தார்கள்.

அலைச்சறுக்கு நமக்கும் தூரத்து விஷயமில்லை. நம் ஊரிலேயே, ஹபிடாட் 67 குடியிருப்புக்குப் பின்னால், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இடம் மாறாமல் எழும் அலையில் பலகையோடு இறங்குகிறார்கள்.

1966 கடைசியில் சான் பிரான்சிஸ்கோ போன கிரிஃபின் சுவரொட்டி எழுத்துகளையே படமாக்கினார். சிக்குக் கோலத்தின் இழையைத் தேடுவதுபோல நின்று தேடினால்தான் பாடகர் பெயர் தெரியும். நடந்துபோகிறவரை நிறுத்திவைக்கத்தானே சுவரொட்டி! 1968 பிப்ரவரியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கச்சேரிக்கு அவர் வரைந்ததில், சிறகு முளைத்த ஒரு கண், கையில் மண்டையோட்டுடன், தீவளையத்திலிருந்து பாய்ந்து வருகிறது. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை அதற்குப் பிறகுதான். நகரத்தில் கற்ற வண்ணங்களைத் திரும்பக் கடலுக்கே எடுத்துப்போனார். 'பசிஃபிக் வைப்ரேஷன்ஸ்' என்ற 1970-ஆம் ஆண்டு அலைச்சறுக்குப் படத்துக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் இரண்டு உலகங்களும் ஒன்றாகிவிட்டன. 1991-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்கு 47 வயது. அலைச்சறுக்குப் பலகைகளிலும் பனியன்களிலும் நெளியும் எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.