ஸ்கேன் படம் சொல்வதும் சொல்லாததும்

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில், ஸ்கேன் எடுக்கச் சென்ற தாய் வீடு திரும்புமுன்பே, "படத்தில் ஏதோ குறையாம்" என்ற பேச்சு லயத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் 'குறை' என்பது என்ன? இன்று நாம் அதைப் பார்ப்போம்.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 1956இல் இதை உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர், நமக்கு அண்டையிலுள்ள ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று 1959இல் பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்டார்கள்.

ஸ்கேன் கருவி ஒலியலையின் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. குரோமோசோமை அது எண்ணுவதில்லை. மாணவனின் புத்தகப் பை புடைத்திருப்பதைப் பார்த்து நாம் ஊகிக்கலாம். எத்தனை புத்தகம் என்று அறியப் பையைத் திறக்கத்தான் வேண்டும்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்? 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில், சிசுவின் பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரின் பருமனை அளக்கிறார். அது 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ஐயம் வலுக்கிறது. மூக்கெலும்பு தெரிகிறதா என்றும் பார்க்கிறார். 20 வார அளவில் இதயத்தைக் கவனிக்கிறார். டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. ஆனால் இதயத்தில் ஒரு வெண்புள்ளி மட்டும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நலமான குழந்தைகள் பலரிடமும், ஆசியத் தாய்மாரின் குழந்தைகளிடம் சற்றுக் கூடுதலாகவும், அது காணப்படுகிறது. பல அடையாளங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் பொருள் மாறும்.

தாயின் வயதும் கணக்கில் சேரும். டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 20 வயதில் ஏறக்குறைய 1500இல் 1. 40 வயதில் 100இல் 1. "50இல் 1" என்று மருத்துவர் சொன்னால், அத்தகைய 50 தாய்மாரில் 49 பேரின் குழந்தைக்கு அது இல்லை என்பதே பொருள். படத்தில் ஒன்றுமில்லை என்பதும் முழு உத்தரவாதமன்று.

உறுதியாக அறிய, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிது உண்டு. ஆகவே, செய்வதா வேண்டாமா என்பதைக் கணவனும் மனைவியும் மருத்துவரிடம் கேட்டறிந்து முடிவு செய்யவேண்டும். இதயக் கோளாறு முன்பே தெரிந்தால், சிரம்பான் போன்ற நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

இன்னொன்று. கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. கிரகணமோ, உண்ட உணவோ, தாய் செய்த வேலையோ அதற்குக் காரணமல்ல. அவளைப் பழிக்காதிருப்போம்; அடுத்த முறை கிளினிக்கிற்குத் துணையாகச் செல்வோம்.