கைத்தொழிலும் சான்றிதழும்



வெள்ளிவிழா மேடையில் பட்டப்படிப்பின் பெருமையைப் பேசுவோர் பலர். நான் மின்பணித் தொழிலைப் பற்றிப் பேச விழைகின்றேன். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக வீற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. நாட்டின் மின்வளர்ச்சிக்குத் திட்டமிட்டவர் நம் அண்ணல். நம் பிள்ளைகளோ இன்றும் மின்வேலையில் எடுபிடிகளாக நிற்கின்றனர்.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ‘தேர்ந்த மின்பணியாளர் கிடைப்பதில்லை’ என்று இன்று ஒப்பந்தக்காரர்கள் குறைபடுகின்றனர். நம் தெருவிலோ, பத்தாண்டுகளாகச் சுவர் கொத்திக் குழாய் பதித்துக் கம்பி இழுக்கும் இளைஞர்கள் ‘ஹெல்பர்’ என்ற பெயரில் நாட்கூலி பெறுகின்றனர். வேலை இவர்களுடையது, கையொப்பமும் அதற்குரிய பணமும் உரிமம் உடையவருடையன. ஆள் பஞ்சம் மெய்யானால் கூலி உயர்ந்திருக்க வேண்டாமா?

இவர்களுக்கு ஒரு வழி உண்டு. அரசின் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை ‘மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு’ நடத்துகின்றது. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்தாண்டு செய்முறை அநுபவம் உள்ளவர் எழுதலாம். வயதுக்கு மேல்வரம்பு இல்லை. நாற்பது வயதுத் தந்தையும் எழுதலாம். ஆகவே, வேலை செய்யும் இடத்தில் அநுபவச் சான்றை வாயால் வாங்காதீர்; எழுத்தில் வாங்குவீர்.

பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு நேர்வழி அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். பத்தாம் வகுப்புத் தேறினால் மின்பணியாளர் பிரிவு. எட்டாம் வகுப்புத் தேறினால் கம்பியாள் பிரிவு. இரண்டும் ஈராண்டுப் பயிற்சிகள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப்பின் பயிற்சி முடித்தவர், பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஊதியம் யாது? ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு இச்சான்றிதழ் போதும். தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய், படிகள் தனி. 2025இல் நம் கனரக வாகனத் தொழிற்சாலை 1,850 இளநிலைத் தொழில்நுட்பர்களை 21,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் அழைத்தது. மின்பணியாளரும் அதில் உண்டு. தொகை பெரிது, ஆனால் அது ஒப்பந்த வேலை. முந்தைய தலைமுறை அவ்வாயிலில் நுழைந்து ஓய்வூதியத்துடன் வெளிவந்ததே, அந்த நிலை இதுவன்று. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக.

நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். தெருவுக்குத் தெரு எத்தனை பேர் சான்றிதழின்றி இத்தொழில் செய்கின்றனர் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது, விண்ணப்பம் நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.