இரண்டு மதிலுக்கு நடுவே: கார்க்கசோன் ஊரை நடந்தே பார்ப்பது

வெளியூர் போனால் நம்மில் பலர் எப்படி ஊர் பார்க்கிறோம்? கொடி பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போவார், நாற்பது பேர் பின்னால் போவோம். அவர் நிற்கிற இடத்தில் நிற்போம், கை காட்டுகிற பக்கம் படம் எடுப்போம், மணி ஆயிற்று என்றதும் பேருந்தில் ஏறிவிடுவோம். இன்னொரு முறையும் இருக்கிறது. புறப்படுமுன் கொஞ்சம் படித்துக்கொண்டு, கையில் ஒரு வரைபடத்தோடு, துணைக்கு வழிகாட்டி யாரும் இல்லாமல் தானாகவே நடந்து பார்ப்பது. இதை ஒரு கலை என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. எல்லா ஊருக்கும் அது ஒத்துவராது. ஆனால் மதில் சூழ்ந்த இடைக்கால ஊர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. தெற்கு பிரான்சில் உள்ள கார்க்கசோனை வைத்து இதைச் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டதும் சில இளைஞர்களுக்கு ஒரு பலகை விளையாட்டு நினைவுக்கு வரும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஜெர்மன் விளையாட்டுக்குப் பெயர் தந்தது இந்த ஊர்தான். பிரனே மலைகள் ஒரு பக்கம், கறுப்பு மலை இன்னொரு பக்கம். நடுவே துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் பழைய பாதை. அந்தப் பாதையைப் பார்த்தபடி ஒரு மேட்டின் மேல் கோட்டை ஊர் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள், 52 கோபுரங்கள். இரண்டு மதிலையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மேட்டுக்குக் கீழே ஓத் என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழூர். ரயில் நிலையம் அங்கேதான், வாசலிலேயே மிடி என்ற கால்வாய் ஓடுகிறது. அங்கிருந்து கோட்டைக்கு நடந்தால் அரை மணி நேரம். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கிழக்கே நார்பொன் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். வாசலைக் கடந்தால் நேரே கடைத்தெரு: பொம்மைக் கத்தி, ஐஸ்கிரீம், காந்தம் ஒட்டிய படம். அந்தத் தெருவைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நடப்பவர் செய்ய வேண்டியது, கீழூரிலிருந்து மேற்குப் பக்கமாக ஏறுவது. கோட்டை என்பது வெளியிலிருந்து வருகிறவனை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அவன் வந்த வழியில் வந்தால்தான் அது புரியும்.

கீழூரின் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் ஓடுவதைக் கவனிக்கலாம். தானாக வளர்ந்த ஊர் அல்ல அது. முன்பு கோட்டை மதிலை ஒட்டிப் புறச்சேரிகள் இருந்தன. 1240இல் நடந்த ஒரு முற்றுகைக்குப் பிறகு அவற்றை இடித்துவிட்டார்கள். வீடிழந்தவர்களுக்கு ஆற்றின் மறுகரையில் ஒன்பதாம் லூயி மன்னன் காலத்தில் திட்டமிட்டு எழுப்பிய ஊர்தான் இது. இன்றும் அந்த மன்னன் பெயரால்தான் வழங்குகிறது. ஊரைத் தாண்டியதும் 14ஆம் நூற்றாண்டுப் பாலம். இப்போது அதில் நடப்பவர்களுக்கு மட்டுமே இடம். கோட்டை முழுவதுமாகக் கண்ணில் படுவது இங்கிருந்துதான்.

பாலம் கடந்து மேடேறினால் ஒரு தேவாலயம் வரும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரிய வட்டமான முன்கோட்டை ஒன்று இருந்தது. 1816இல் அதை இடித்துவிட்டார்கள். அதற்குமேல் ஓத் வாசலுக்குப் போகும் சரிவுப் பாதை. இது நேராகப் போகாமல் மதிலின் நிழலிலேயே வளைந்து வளைந்து ஏறும். எங்கே நின்றாலும் தலைக்குமேலே ஒரு கோபுரம் இருக்கும். மூச்சு வாங்கி ஒருமுறை நின்று திரும்பிப் பாருங்கள். ஆறு எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். அந்த இடைவெளியில்தான் 1209ஆம் ஆண்டின் கதை இருக்கிறது.

அப்போது இந்த ஊர் திரான்கவெல் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை சமய விரோதிகள் என்று அறிவித்த கத்தார் பிரிவினர் இந்தப் பகுதியில் நிறைய இருந்தார்கள். அவர்களை ஒழிக்க என்று வடக்கிலிருந்து சிலுவைப் படை வந்தது. ஜூலையில் பெசியே நகரத்து மக்களைக் கொன்று குவித்துவிட்டு, ஆகஸ்டு தொடக்கத்தில் இங்கே முற்றுகையிட்டது. மதில் உடையவில்லை. ஆற்றுக்குப் போகும் வழியை அடைத்தார்கள். கோடை வெயில், உள்ளே அடைக்கலம் புகுந்த கூட்டம், வற்றிப்போகும் கிணறுகள். இரண்டு வாரத்தில் ஊர் பணிந்தது. உடுத்திய துணியோடு வெளியேறலாம் என்று மக்களை விட்டார்கள். பிரபு ரெமோன்-ரோஜேயைச் சிறையில் வைத்தார்கள். அதே நவம்பரில் சிறையிலேயே இறந்தார், வயது 24. ஊர் சிமோன் த மோன்ஃபோர் என்ற படைத்தலைவன் கைக்குப் போயிற்று, பிறகு பிரெஞ்சு மன்னர்களிடம். இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் கையில் தண்ணீர் பாட்டிலோடு அந்தச் சரிவில் ஏறியவனுக்கு, தண்ணீர் ஏன் ஊரை வீழ்த்தியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓத் வாசல் வழியாக நுழைந்ததும் ஊருக்குள் போய்விடாதீர்கள். இரண்டு மதிலுக்கும் நடுவே ஓர் அகலமான நடைவெளி கோட்டையை முழுக்கச் சுற்றி வருகிறது. பிரெஞ்சில் லீஸ் என்பார்கள். கட்டணம் கிடையாது, கூட்டமும் அவ்வளவாக வராது. கார்க்கசோனில் எனக்கு ஓர் இடம்தான் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இங்கே சுவரைப் படிக்கலாம், கிட்டே போய்க் கைவைத்தே படிக்கலாம். வடக்குப் பக்கத்தில் உள்மதிலைப் பாருங்கள். கைக்கு அடங்குகிற சின்னச் சின்னச் சதுரக் கற்கள், நடுநடுவே கேக்கில் ஜாம் தடவினாற்போல மெல்லிய சிவப்புச் செங்கல் வரிகள். அது ரோமானியர் காலத்துக் கடைசி நூற்றாண்டுகளின் வேலை. அங்கே கோபுரங்கள் குதிரை லாடம் போல வெளிப்பக்கம் வளைந்தும் உள்பக்கம் தட்டையாகவும் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் கல் மாறும். முகப்பு நடுவே புடைத்துக்கொண்டு, ஓரம் மட்டும் செதுக்கிய பெரிய கற்கள் வரும். அவை மூன்றாம் பிலிப் மன்னன் காலத்தவை, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. நார்பொன் வாசலின் இரட்டைக் கோபுரங்களிலும் இதே கல்தான். அந்தக் கோபுரங்களுக்கு முன்பக்கம் மூக்கு வைத்தாற்போல ஒரு கூர்முனை உண்டு. எறிகிற கல் நேராக மோதாமல் வழுக்கிப் போவதற்கு.

இந்த இரண்டு வகையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே இருப்பது பழசு, கீழே இருப்பது புதுசு! ரோமானியர் மதிலை ஒட்டியிருந்த மண்ணை 13ஆம் நூற்றாண்டில் வெட்டித் தாழ்த்தி நடைவெளியைச் சமப்படுத்தினார்கள். அதனால் பழைய மதிலின் அடித்தளம் வெளியே வந்து அந்தரத்தில் நின்றது. அதைத் தாங்கக் கீழே புதுச் சுவர் கட்டினார்கள். ஆயிரம் ஆண்டுச் சுவரை மேலே நிறுத்திவைத்துக்கொண்டு, அடியில் கல் செருகிய கொத்தனார்களை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தோடு போகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. தனியே போகிறவர் அரை மணி நேரம் நிற்கலாம்.

வெளிமதிலின் கோபுரங்களையும் உள்ளிருந்து பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு முதுகே இல்லை, திறந்து கிடக்கும். கட்டி முடிக்காமல் விட்டதல்ல. எதிரி பிடித்துக்கொண்டாலும் அதற்குள் ஒளிய முடியாது, உள்மதிலிலிருந்து அவன்மேல் அம்பு விடலாம். விதிவிலக்கு கிழக்கே உள்ள வாத் கோபுரம். கிணறு, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்து, தனித்தே தாக்குப்பிடிக்கும்படி கட்டிய குட்டிக் கோட்டை அது.

இனி, தானாக நடந்து பார்க்கும் இந்தக் கலையின் குறை. கல் தன் வயதைச் சொல்லும், தன்னை மாற்றி வைத்தவன் பெயரைச் சொல்லாது. 1659இல் பிரனே உடன்படிக்கை ஏற்பட்டு எல்லை தெற்கே நகர்ந்ததும் இந்தக் கோட்டைக்கு வேலை போய்விட்டது. மெல்ல மெல்லப் பாழடைந்தது. மதில்களுக்கு நடுவே ஏழைகள் வீடு கட்டிக் குடியேறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு இதைக் கைகழுவப் பார்த்தபோது, உள்ளூர் அறிஞர் க்ரோ-மேர்வியேயும், பழஞ்சின்னங்களின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த எழுத்தாளர் மெரிமேயும் போராடிக் காப்பாற்றினார்கள். 1853 முதல் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டியுக் சீரமைத்தார். படங்களில் நாம் பார்த்து மயங்குகிற கூம்புக் கூரைகள் அவர் போட்டவை. செங்குத்தான சாம்பல்நிறப் பலகைக்கல் கூரை வட பிரான்சின் வழக்கம், இந்த வட்டாரத்தில் தாழ்ந்த ஓட்டுக்கூரைதான் என்று அன்றே சண்டை எழுந்தது. வடக்கத்தி மன்னர்கள் கட்டிய கோபுரத்துக்கு வடக்கத்திக் கூரை வைத்தால் என்ன என்பது அவர் தரப்பு. 20ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கோபுரங்கள் சிலவற்றில் அந்தக் கூரையை எடுத்துவிட்டு ஓடு வேய்ந்தார்கள். ஆகவே இன்று தலை நிமிர்ந்து பார்த்தால் தெரிவது ஒரு வாதத்தின் இரண்டு தரப்பும்தான். இதைப் படிக்காமல் போனால், 19ஆம் நூற்றாண்டுக் கூரையைப் பார்த்து இடைக்காலம் என்று வியந்துவிட்டு வருவோம். என்னைக் கேட்டால் கூரைகளை மன்னித்துவிடலாம். நடைவெளியிலிருந்த வீடுகளை ஒன்றுவிடாமல் துடைத்து எடுத்ததைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை. அந்த மதிலோடு கடைசிவரை வாழ்ந்தவர்கள் அவர்கள்தானே.

உள்ளே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிரபுக்களின் அரண்மனை. அதற்கும் மதில்மேல் நடைக்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டும். அரண்மனை மதிலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தாழ்வாரத்தை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். தரைப்பலகை இடுக்கு வழியாக நேர்கீழே கல் போடுவதற்கு அது. இங்கே மட்டும் வழிகாட்டி வைத்துக்கொள்வதில் தவறில்லை. அறைகள் வெறுமையாக இருப்பதால் ஒருவர் சொன்னால்தான் விளங்கும். மற்றொன்று, சேன் நசேர் தேவாலயம். நுழைந்ததும் தடித்த தூண்கள், அரைவட்ட வளைவுகள், இருட்டு. பத்தடி, இருபதடி முன்னே நடந்தால் கூரை உயர்ந்து, சுவர் இருந்த இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. ரோமனெஸ்க் பாணிக்கும் கோத்திக் பாணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கால் நடந்தே தெரிந்துகொள்கிற இடம். சிமோன் த மோன்ஃபோரை முதலில் புதைத்தது இந்தத் தேவாலயத்தில்தான்.

போக வாய்ப்புள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடை நடுப்பகலைத் தவிருங்கள், பேருந்துகள் வருமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள். கரடுமுரடான கல் பாவிய தரை, முழங்கால் வலி உள்ளவர்கள் தட்டையான செருப்போடும் கைத்தடியோடும் போவது நல்லது. முதல் சுற்று நடைவெளியில், இரண்டாவது சுற்று மதில்மேல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கீழே நின்று பார்த்த கல்லின் காரணம் மேலே போனால்தான் தெரியும். அவசரமும் வேண்டாம். சீட்டு கேட்பது அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும்தான். ஊரின் வாசல்கள் இரவு பகல் எந்நேரமும் திறந்தே இருக்கின்றன, உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை.