இருள் நாளும் நமது மண்டபமும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நம்மவர் மறந்திரார். அபாயங் கருதி மின்சாரம் நிறுத்தப்பெற்றது. பல பகுதிகளில் அது மீளச் சில நாட்கள் சென்றன. கிணற்றில் நீரிருந்தும் மோட்டார் ஓடவில்லை, கைபேசிகள் வாய்மூடின, உற்றார் நிலையறிய வழியின்றி மக்கள் கலங்கினர்.

டீசல் எந்திரம் உண்டே என்பார் உளர். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் சாண்டி என்னும் புயல் நியூயார்க் நகரைத் தாக்கியபோது, அங்குள்ள லாங்கோன் மருத்துவமனையின் நிலவறையில் வெள்ளம் புகுந்தது. மாற்று மின்சாரமும் நின்றது. 300-க்கு மேற்பட்ட நோயாளரை மாடிப்படி வழியே சுமந்திறக்கினர். இதற்கு மாறாக, 2017-இல் மரியா என்னும் புயல் போர்த்தோ ரீக்கோத் தீவை இருளில் ஆழ்த்தியபோது, அத்ஹுந்தாசு ஊரிலுள்ள காசா புவெப்லோ என்னும் பொதுமனை கதிரவன் ஆற்றலால் ஒளிர்ந்தது. ஊரார் மூச்சுக் கருவிகளையும் கைபேசிகளையும் அங்கே இயக்கிக்கொண்டனர்.

மாடியிற் பலகை பதித்தல் மட்டும் போதாது. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். ஆதலின், பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இன்றியமையாதன.

நமது மண்டபத்திற்குக் கணக்கிடுவோம். 10 வாட் விளக்குகள் 20, 30 வாட் விசிறிகள் 10. இவை 12 மணி நேரம் இயங்க 6 யூனிட் வேண்டும். 10 யூனிட் கொள்ளும் பேட்டரி இருப்பின், கைபேசிகளுக்கும் இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் மிஞ்சும். 5 கிலோவாட் பலகைகள் நல்வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 யூனிட் தரும். மழைநாளில் அது மிகக் குறையுமாதலால், அப்போது குளிர்சாதனத்தை விலக்கி, இன்றியமையாதவற்றையே இயக்குதல் வேண்டும். பேட்டரியைத் தரைத்தளத்தில் வையாது மாடியில் வைத்தல் வேண்டும்.

முகப்பில் அலங்கார வளைவு கட்டும் தீர்மானம் இப்போது நம்முன் உள்ளது. அதற்கெனச் சேர்த்த நிதியை இப்பணிக்கு ஆக்குமாறு வேண்டுகிறோம். நம்மவர் பொருளால் பிறர்க்கும் விளக்கேற்றுவதா எனச் சிலர் வினவலாம். வெள்ளம் குலங்கேட்டு வருவதில்லை. அடைக்கலம் தருவோரும் குலங்கேட்டல் தகாது. வளைவு நமது பெயரைக் காட்டும். அவ்விருள் நாளில் திறந்திருக்கும் கதவே நமது பண்பைக் காட்டும். அன்பர்கள் சிந்தித்து முடிவு செய்வார்களாக.