எழுதுகோலும் உலைநீரும்



குலசேகரம் வட்டாரத்தில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடியவிட்டு, உறையவைத்து, ஷீட்டாக்கி உலர்த்திக் கடைக்குக் கொண்டுசெல்லும் சிறு விவசாயி, அன்றைய விலையைக் கேட்டறிந்த பின்னரே அதைத் தராசில் வைக்கிறார். அதை எவரும் இழுக்கென்று கருதுவதில்லை. ஆனால் வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து, எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் தம் கட்டுரைக்கு ஊதியம் எவ்வளவு என்று கேட்கக் கூசுகிறார். கேட்டாலோ, கலையை விலை பேசுகிறார் என்ற பழி வந்து சேர்கிறது. இந்தக் கூச்சம் தமிழ் எழுத்துக்கு இழைத்த தீங்கே இவ்வுரையின் பொருள்.

இம்மாவட்டத்து எழுத்தாளர்கள் பலர் இச்சங்கடத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துக்கொண்டவர்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தினார். தோப்பில் முகமது மீரான் வணிகர். அருகிலுள்ள திருவனந்தபுரத்தில் ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். குலசேகரத்துக்கு அண்மையிலுள்ள திருவரம்பில் வளர்ந்த ஜெயமோகனும், தொலைபேசித் துறை ஊழியராக இருந்துகொண்டேதான் 1990இல் ‘ரப்பர்’ நாவலை வெளியிட்டார். கடையும் அலுவலகமும் அடுப்பை எரித்தன. ஆகவே எழுத்து எவருக்கும் தலைவணங்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் எழுதும் நேரம் கடையடைத்த பிறகும் அலுவலகம் முடிந்த பிறகும் கிடைத்த மிச்ச நேரமே. பின்னாளில் ஜெயமோகன் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். திரைப்படங்களுக்கு எழுதியதோடு, 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களையும் எழுதி முடித்தார். முழு நாளும் எழுத்துக்குக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று.

எழுத்தை மட்டுமே நம்பியவர்களின் வரலாறு வேறு. பத்திரிகைப் பணியை விட்டுத் திரையுலகை நாடிய புதுமைப்பித்தன், காசநோயுற்று 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 42. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் அன்புக்கு அடுத்தபடி நிறைந்திருப்பது பணக் கவலையே. க.நா.சு. 1965இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, ஆங்கில இதழ்களில் எழுதிப் பிழைத்தார். தமிழுக்கு ஓயாது உழைத்தவருக்குத் தமிழ் சோறிட இயலவில்லை. ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா தம் நூல்களைத் தாமே சுமந்துசென்று விற்றார். குடும்பத் தலைவியாக இருந்து வீட்டிலிருந்தே எழுதிய ராஜம் கிருஷ்ணன், படகர்களையும் உப்பள உழைப்பாளிகளையும் நேரில் கண்டு நாவல்கள் படைத்தார். 1973இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். அவருடைய முதுமை முதியோர் இல்லத்தில் கழிந்தது. விருதுகள் வந்தன, மாதந்தோறும் வரவேண்டியது வரவில்லை.

வீட்டிலிருந்து எழுதுபவர் உழைப்பவராகவே கருதப்படுவதில்லை என்பது மற்றொரு துயரம். அலுவலகம் செல்பவரை எவரும் ரேஷன் கடை வரிசைக்கு அனுப்புவதில்லை. வீட்டிலிருப்பவரிடம், “சும்மாதானே இருக்கிறீர்கள்” என்ற சொல்லோடு எல்லா வேலையும் வந்து சேர்கிறது. திருமண வாழ்த்துப்பா, நினைவேந்தல் மடல், மனு என்று ஊரார் கேட்பவை யாவும் இலவசம். பெண்ணாயின் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடைப்பட்ட நேரமே எழுத்துக்கு மிஞ்சுகிறது. பால்வெட்டுபவர் விடியற்காலையை விட்டுக்கொடுக்க மாட்டார். வெயில் ஏறினால் பால் குறையும் என்பதை வீட்டார் அனைவரும் அறிவர். எழுதுபவருக்கும் அத்தகைய பொழுது ஒன்று உண்டு என்பதை முதலில் குடும்பம் அறிய வேண்டும். அறியச் செய்யும் பொறுப்பு எழுதுபவருடையது.

சட்டம் எழுத்தாளரின் பக்கம் நிற்பதைப் பலர் அறியார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எவரிடமும் ஊழியராக இல்லாமல் தாமாக எழுதுபவரே தம் படைப்பின் முதல் உரிமையாளர். கையெழுத்திட்ட ஆவணமின்றி அவ்வுரிமையை எவருக்கும் மாற்றித் தர இயலாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிடின் அம்மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும்; எல்லை குறிப்பிடாவிடின் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை அவ்வுரிமை வாரிசுகளுக்கு உண்டு. ஆயினும் வாய்ச்சொல்லை நம்பிக் கைப்பிரதியைத் தந்துவிட்டு, ஒப்பந்தம் கேட்பது நட்புக்கு ஊறு என்று எண்ணி வாளாவிருப்போர் எத்தனையோ பேர். ரப்பர் கடையில் எடைச்சீட்டு கேட்பதால் எந்த நட்பும் முறிந்ததில்லை.

ஊதியத்துக்காக எழுதினால் தரம் தாழும் என்பர். ஊதியம் நிச்சயமில்லாதபோதுதான் தரம் தாழ்கிறது. பத்து ரூபாய் கிடைக்குமிடத்தில் பத்துப் பக்கம் எழுத வேண்டிய நெருக்கடியே மொழியை நீர்க்கச் செய்கிறது. எழுதியதற்குரிய விலை கிடைத்தால், அடுத்த படைப்பைக் காத்திருந்து எழுத முடியும். நாள்தோறும் வெட்டாமல் மரத்துக்கு ஓய்வு கொடுப்பவரே நெடுங்காலம் பால் எடுப்பார்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் பெரிய நிதியம் ஏதும் தொடங்க வேண்டியதில்லை. பேச அழைப்பவருக்குப் பொன்னாடையின் விலையையும் பேருந்துக் கட்டணத்தையும் உறையிலிட்டுத் தரலாம். உறுப்பினர் நூல் வெளியிட்டால் இலவசப் பிரதியை எதிர்பாராமல் விலை கொடுத்து வாங்கலாம். மலருக்குப் படைப்பு கேட்கும் கடிதத்திலேயே சன்மானம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதலாம்; தொகை சிறிதாயினும் குற்றமில்லை. இவ்வளவும் நிகழுமாயின், விலை கேட்டால் பழிவரும் என்று அஞ்சி ஒரு கவிஞர் வாய்மூடி இருக்க நேராது. அவர் வீட்டு உலைநீரும் காத்திருக்க நேராது.