கருத்த ஆயில் கெட்ட ஆயிலா?



ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, ஆயில் கருத்துப்போச்சு, மாத்திருங்க." மெக்கானிக்கும் மாற்றிவிடுவார், அவருக்கென்ன நஷ்டம்? ஆனால் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் கரியை இன்ஜினுக்குள் படியவிடாமல் தன்னோடு இழுத்துக்கொள்ளும்படிதான் ஆயிலையே தயாரிக்கிறார்கள். உழைக்கிற ஆயில் கருக்கத்தான் செய்யும். டீசல் வண்டியில் இன்னும் சீக்கிரம் கருக்கும். நிறத்தைப் பார்த்துக் கவலைப்படுகிற நாம், அளவைப் பார்ப்பதே இல்லை.

100, 125 சிசி பைக்குக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில். பிஸ்டன், கியர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் கால் லிட்டர் குறைந்தால் நாலில் ஒரு பங்கு காலி. பழைய வண்டிகள் ஆயில் குடிக்கும். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது, சைலன்சர் வழியே நீலப்புகையாகப் போயிருக்கும். சர்வீசுக்கு விடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அதற்குள் இன்ஜின் சீஸ் ஆகி நடுரோட்டில் நின்றுவிடலாம்.

ஆயில் அளவைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு காட்டும் கேஜ் பொய் சொல்லும். இன்ஜினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும். கேஜைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, திரும்ப விட்டு எடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் மரையைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகிவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். ஆயில் கேஜில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் சரி. கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். இருக்கட்டும் என்று மேல்கோட்டையும் தாண்டி ஊற்றாதீர்கள். ஆயில் நுரைத்து, சீல் வழியே வெளியே கசியும்.

எந்த ஆயில்? டப்பாவில் 10 டபிள்யூ 30 என்பதைப் பார்ப்பவர்கள்கூட, பக்கத்தில் ஜாசோ தரக்குறியீடு எம்ஏ என்றிருக்கிறதா, எம்பி என்றிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலுக்குள்தான் சுழல்கின்றன. அதற்கு எம்ஏ வேண்டும். ஸ்கூட்டருக்கான எம்பியையோ, வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் வரும், வண்டி இழுக்காது.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டும்போது சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தால் ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். வீடு பக்கம்தான், போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது என்பதையும் வண்டியோடு தந்த புத்தகமே சொல்லும். அதிகம் ஓடாத வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து நிஜமாகவே பயப்பட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. கேஜில் ஆயில் பால்காபி மாதிரி வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியை, வெள்ளம் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆகவே மழைக்காலத்தில் உங்கள் வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால், சாவியைத் தொடாதீர்கள், கிக்கரை உதைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள். ஆயிலை இறக்கிப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.