கொழுப்புத் திசுவுக்கு ஒரு சட்டகம்



கொழுப்பு என்றவுடன் அதனைக் குறைக்கும் வழியே நம்மில் பலருக்கு நினைவில் எழும். ஆனால் மார்பில் புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கும், விபத்தில் முகம் குழிந்துபோனவருக்கும் கொழுப்பு வேண்டாத சுமையன்று. இழந்த உருவத்தை மீட்டுத் தரவல்ல பொருளாகும்.

உடலின் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து மற்றோரிடத்தில் வைக்கும் முறை புதியதன்று. 1893-ஆம் ஆண்டிலேயே நாய்பர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், கையிலிருந்து எடுத்த கொழுப்பால் முகத்தின் குழிவொன்றை நிரப்பினார். எனினும், இவ்வாறு வைத்த கொழுப்பில் ஒரு பகுதி நாளடைவில் கரைந்துவிடுகிறது. காரணம் யாது? இரத்தக் குழாயிலிருந்து பிராணவாயு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்கே ஊடுருவிச் செல்லும். புதிய குழாய்கள் முளைத்து வருவதற்குள், நடுவிலுள்ள உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியை நாடினர். உயிரணுக்கள் தனித்து வாழ்வன அல்ல. கொலாஜன், லாமினின் முதலிய புரதங்களாலான ஒரு வலை அவற்றைச் சூழ்ந்து தாங்குகிறது. அந்த வலையை நெய்வன உயிரணுக்களே; அவை எவ்வாறு வளர வேண்டும் என்பதை உணர்த்துவதும் அவ்வலையே. வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தங்களுக்கு, சூழல் ஒருவரை எவ்வளவு மாற்றும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கொழுப்பைப் பன்முறை உறையவைத்தும் இளக்கியும் உயிரணுக்களை உடைக்கின்றனர். நொதிகளால் அவற்றின் எச்சங்களை நீக்கி, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பொருளைக் கரைத்தெடுக்கின்றனர். எஞ்சுவது வெண்ணிறமான மெல்லிய சட்டகம். பிறருடைய உயிரணுக்கள் அதில் இல்லாமையால், உடல் அதனை எதிர்க்கும் வேகமும் குறைகிறது.

கொழுப்புத் திசுவிலேயே பலவகை உயிரணுக்களாக மாறவல்ல குருத்தணுக்கள் உள்ளன என்பதை அமெரிக்க அறிஞர்கள் 2001-இல் வெளியிட்டனர். 2010-இல் கனடாவின் லாரன் பிளின் அக்குருத்தணுக்களை இத்தகைய சட்டகத்தில் வளர்த்தார். தூண்டும் மருந்துகள் சேர்க்காதபோதும், அவை கொழுப்பணுவாகும் அறிகுறிகளைக் காட்டின. சட்டகம் வெறும் தாங்கியன்று, ஆசானும் ஆகும் என்பது இதனால் தெளிவாயிற்று.

தானமாகப் பெற்ற மனிதக் கொழுப்பிலிருந்து செய்த சட்டகம், சிறு குழிவுகளை நிரப்ப அமெரிக்காவில் பயன்பட்டு வருகிறது. மார்பு போன்ற பெரிய உறுப்பை நிரப்பவோ, உட்புறம் முழுவதும் இரத்தக் குழாய்கள் விரைந்து படர வேண்டும். அத்தடை இன்னும் முற்றும் நீங்கவில்லை.

ஆதலின், குருத்தணுச் சிகிச்சையால் இழந்ததை உடனே மீட்டுத் தருவோம் என்னும் விளம்பரங்களைக் கண்டால், நேயர்கள் பொருளையும் உடலையும் ஒப்படைக்குமுன் தக்க மருத்துவரைக் கலந்துகொள்வார்களாக. அறிவியல் இத்துறையில் நம்பிக்கை அளிக்கிறது. ஆயினும் அது இன்னும் வழியிலேதான் இருக்கிறது.